கல்லை உடைத்த மெஷின் குதிகாலுக்கு வந்த கதை

"ஷாக் வேவ் தெரபி" என்று போர்டு பார்த்திருப்பீர்கள். இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிசியோதெரபி கிளினிக்கில்கூட இருக்கிறது. குதிகால் வலியா, தோள்பட்டை வலியா, முழங்கை வலியா... ஆபரேஷன் வேண்டாம், ஊசி வேண்டாம், ஐந்தே சிட்டிங் என்று போட்டிருப்பார்கள். பேரைக் கேட்டதும் கரண்ட் ஷாக் என்று நினைத்து பாதிப்பேர் பயந்து ஓடுகிறார்கள். மீதிப்பேர் "ஏதோ ஃபாரின் மெஷினாம்" என்று நம்பிப் பணம் கட்டுகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது.

பி.காம் படிக்கிற உனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒருவருக்குக் குதிகால் வலி, கையில் ஒரு கொட்டேஷன். கொட்டேஷன் என்று வந்துவிட்டால் அது காமர்ஸ் சப்ஜெக்ட்தானே :-)

முதலில் ஒன்று. இதில் கரண்ட் உடம்புக்குள் போவதே இல்லை. ஷாக் வேவ் என்றால் அதிர்வலை. ஒலி போல இதுவும் அழுத்த அலைதான், ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் அழுத்தம் சட்டென்று உச்சத்துக்கு ஏறி இறங்கும். பட்டாசு வெடிக்கும்போது நெஞ்சில் 'தும்' என்று ஒன்று வந்து மோதுமே, அந்த இனம்.

இதன் பூர்வீகம் மருத்துவமே இல்லை. ஜெர்மனியில் டோர்னியர் என்று ஒரு விமானக் கம்பெனி. அதிவேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு என்ன ஆகும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். மோதலில் உண்டாகும் அதிர்வலை பொருளுக்குள் பயணம் செய்து உள்ளே சேதம் செய்வதைக் கவனித்தார்கள். அப்படியென்றால் இதை உடம்புக்கு வெளியிலிருந்து அனுப்பி, உள்ளே இருக்கும் கல்லை உடைக்கலாமே என்று யோசனை போனது. 1980 பிப்ரவரி 7 அன்று ம்யூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி என்ற டாக்டரின் குழு முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை இப்படி உடைத்தது. ஆளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கத்தி வைக்காமல். நம்மூரில் "கல்லை லேசர்ல உடைச்சாங்க" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது உண்மையில் இந்த அதிர்வலை வைத்தியம்தான்.

கல்லை உடைக்கும்போது பக்கத்து எலும்புக்கு ஏதாவது ஆகிறதா என்று விலங்குகளில் சோதித்துப் பார்த்தார்கள். எலும்பு கெடவில்லை. புதிதாக எலும்பு வளரத் தூண்டுவதுபோல் இருந்தது. அங்கிருந்து கூடாத எலும்பு முறிவு, அப்புறம் தசைநாண் என்று வேலை விரிந்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2000ஆம் ஆண்டு குதிகால் வலிக்கு ஒரு அதிர்வலை மெஷினை அனுமதித்தது. அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. 6 மாதமாவது வலி இருந்து, மற்ற சாதாரண வைத்தியங்களில் குணமாகாதவர்களுக்கு மட்டும். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சரி, குதிகால் வலி என்பது என்ன? நம் ஊரில் 'குதிகால் வாதம்' என்பார்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்தியதுபோல் வலிக்கும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் பழகும். சாயங்காலம் மறுபடி வரும். டாக்டர்கள் வைத்த பெயர் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த பட்டையில் வரும் கோளாறு. அந்தப் பெயரின் கடைசித் துண்டான 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி, வீக்கம். ஆனால் 2003இல் அமெரிக்காவில், ஆபரேஷனில் எடுத்த 50 பேரின் திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. அழற்சிக்கான அடையாளமே இல்லை. இருந்தது சிதைவு. கயிறு நாட்பட நாட்பட நைந்து பிரிபிரியாகப் போகுமே, அது மாதிரி.

நாட்பட்ட தசைநாண் வலி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கணுக்காலுக்குப் பின்னால் இருக்கும் குதிநாண், முழங்கையின் வெளிப்பக்கம் (டென்னிஸ் ஆடாதவர்களுக்கும் வரும் 'டென்னிஸ் எல்போ'), தோள்பட்டை... தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் பழுது பார்க்கும் வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கும். மாத்திரை போட்டால் நாலு நாள் அமுங்கி மறுபடி தலை தூக்குவது இதனால்தான்.

அதிர்வலை இங்கே என்ன செய்கிறது? நைந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் தட்டுகிறது. ஒரு சிட்டிங்கில் 2000 தட்டு என்பது சாதாரணம். செல்கள் தட்டலை உணர்ந்து, "இங்கே ஏதோ நடக்கிறது, ஆளை அனுப்பு" என்பதுபோல் வளர்ச்சிப் பொருட்களைச் சுரக்கின்றன என்பது விளக்கம். தைவானில் முயல்களின் குதிநாணில் செய்த ஆய்வில் (2003) நாணும் எலும்பும் சேரும் இடத்தில் புது ரத்தக்குழாய்கள் முளைத்ததைப் பார்த்தார்கள். வலியைக் கடத்தும் நரம்பு முனைகளையும் இது மந்தமாக்குகிறது என்கிறார்கள். ஆக, இது பழுது பார்க்கும் மெஷின் இல்லை. பழுது பார்க்கச் சொல்லி உடம்பை உசுப்பும் மெஷின்.

மெஷினில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று 'ஃபோகஸ்டு'. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல் அலையைத் தோலுக்கு உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கும். இன்னொன்று 'ரேடியல்'. காற்றழுத்தத்தில் ஒரு சின்ன உலோகக் குண்டு குழாய்க்குள் பாய்ந்து, தோலில் வைத்திருக்கும் முனையை 'டக் டக் டக்' என்று அடிக்கும். இதில் சக்தி தோலில்தான் அதிகம், உள்ளே போகப் போகக் குறைந்துவிடும். கறாராகச் சொன்னால் ரேடியல் தருவது அதிர்வலையே இல்லை, அழுத்த அலை. ஆனால் போர்டில் இரண்டுக்கும் ஒரே பெயர். விலை குறைவு என்பதால் சின்ன கிளினிக்குகளில் பெரும்பாலும் ரேடியல்தான் இருக்கும். குதிகால் போல மேலாக இருக்கும் இடங்களுக்கு அதுவும் பயன்படும். அதனால் ரேடியல் என்றாலே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான கேள்வி. வேலை செய்கிறதா?

2002இல் ஆஸ்திரேலியாவில் குதிகால் வலிக்காரர்கள் 166 பேரை இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிக்கு நிஜ அதிர்வலை, மறு பாதிக்கு ஒப்புக்குச் சப்பாணியாக மிகக் குறைந்த அளவு. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 12 வாரம் கழித்து வலி எவ்வளவு குறைந்தது என்று 100 புள்ளி அளவுகோலில் கேட்டார்கள். நிஜக் குழுவில் சராசரியாக 26 புள்ளி குறைந்திருந்தது. பொய்க் குழுவில்? அங்கேயும் 26.

அவ்வளவுதானா, மூடிவிடலாமா என்றால், இல்லை. 2008இல் வேறொரு ஆய்வு. நாட்பட்ட குதிகால் வலியுள்ள 245 பேர், ரேடியல் மெஷின். பொய்க் குழுவுக்குப் பார்க்க ஒரே மாதிரி, ஆனால் அதிர்வு பாதத்துக்குள் போகாதபடி செய்த கைப்பிடி. 12 வாரம் கழித்து, நிஜக் குழுவில் 61% பேர் நன்றாக முன்னேறியிருந்தார்கள். பொய்க் குழுவில் 42%.

இந்த 61, 42 என்ற இரண்டு எண்களை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். நம் கிளாஸ் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தீபாவளி மாதம் ஒரு ஜவுளிக்கடை டிவியில் விளம்பரம் கொடுக்கிறது. விற்பனை எகிறுகிறது. "பார்த்தீங்களா, எல்லாம் எங்க விளம்பரத்தால வந்தது" என்று விளம்பரக் கம்பெனி சொன்னால் முதலாளி ஒத்துக்கொள்வாரா? "யோவ், விளம்பரம் இல்லாட்டியும் தீபாவளிக்குத் துணி எடுக்க ஜனம் வரும்யா. உன்னால எவ்வளவு கூட வந்துச்சு, அதைச் சொல்லு" என்பார். நாம் மார்ஜினல் காஸ்டிங்கில் படிக்கிற இன்கிரிமென்டல் சமாச்சாரம் இதுதான். கூடுதலாகக் கிடைத்தது என்னவோ அதற்குத்தான் விலை.

கிளினிக் சுவரில் 61 பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வலி குறைந்தது. ஆனால் அதில் 42 பேருக்கு வெறும் கைப்பிடியை வைத்து எடுத்திருந்தாலும் குறைந்திருக்கும். ஏனென்றால் நாம் டாக்டரிடம் போவதே வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே? தவிர, குதிகால் வலி பெரும்பாலானவர்களுக்குக் காலப்போக்கில் தானாகவே தணியும் ரகம். அதோடு "பெரிய மெஷினில் காட்டினோம்" என்ற நம்பிக்கையும் சேர்கிறது. மெஷினின் சொந்தச் சம்பாத்தியம் 100க்கு 19.

எங்களிடம் கேட்ட தொகை சிட்டிங் ஒன்றுக்கு 1500, ஐந்து சிட்டிங் 7500 ரூபாய். 100 பேர் கட்டினால் ஏழரை லட்சம். அதில் மெஷினால் கூடுதலாகத் தேறியவர்கள் 19 பேர் என்றால், ஒரு கூடுதல் குணத்தின் விலை கிட்டத்தட்ட 39,500 ரூபாய். இப்படிக் கணக்குப் போட்டதும் இது கொள்ளை என்று தோன்றும். அதுவும் சரியில்லை. ஒன்றரை வருடமாக எதற்கும் அடங்காத வலியோடு, அடுத்தது ஆபரேஷன்தான் என்று நிற்பவருக்கு 100க்கு 19 என்பது பெரிய எண். கத்தி இல்லை, படுக்கை இல்லை, பக்க விளைவு என்றால் பெரும்பாலும் சிவந்து போவதும் கொஞ்ச நாள் வலியும்தான். யாருக்கு, எப்போது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இடத்தைப் பொறுத்தும் மாறும். தோள்பட்டை வலிக்கு 32 ஆய்வுகளை, மொத்தம் 2281 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை (2020) பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை என்றுதான் முடித்தது. ஒரே போர்டில் குதிகாலும் தோள்பட்டையும் அடுத்தடுத்து இருந்தாலும் இரண்டுக்கும் ஆதாரம் ஒரே எடையில்லை.

அப்புறம் எதிர்க்கடை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் உடற்பயிற்சி. அது ஓசி என்பதால் போர்டு கிடையாது.

ஸ்வீடனில் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஒரு எலும்பு டாக்டர். அவருக்கே குதிநாண் வலி. ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றால் மேலதிகாரி விடவில்லை. சரி, நாணை நாமே மோசமாக்கிவிட்டால் ஆபரேஷன் செய்துதானே ஆகவேண்டும் என்று, குதிகாலைப் படி விளிம்பிலிருந்து கீழே இறக்கும் பயிற்சியை வலிக்க வலிக்கச் செய்தாராம். வலி போய்விட்டது! மருத்துவ வட்டாரத்தில் பலமுறை சொல்லப்பட்ட கதை இது. 1998இல் இதே பயிற்சியை ஓட்டக்காரர்கள் 15 பேருக்கு 12 வாரம் கொடுத்து முடிவை வெளியிட்டார். 15 பேரும் மறுபடி ஓடப் போனார்கள். ஆள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அதற்கப்புறம் தசைநாண் வைத்தியமே திசை மாறியது. ஓய்வு கொடு என்பது போய், அளவாகச் சுமை கொடு என்றானது.

ஜெர்மனியில் ரோம்பே என்ற டாக்டரின் குழு இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டது. 2007இல் குதிநாண் வலிக்காரர்கள் 75 பேர். பயிற்சி செய்தவர்களில் 60% பேர், அதிர்வலை எடுத்தவர்களில் 52% பேர், சும்மா பொறுத்திருந்தவர்களில் 24% பேர் 4 மாதத்தில் நன்றாகத் தேறினார்கள். 2009இல் அடுத்த ஆய்வு: பயிற்சி மட்டும் செய்தவர்களில் 56%, பயிற்சியும் அதிர்வலையும் சேர்த்து எடுத்தவர்களில் 82%. 2010இல் குதிகால் வலி ஆரம்பித்து 6 வாரம்கூட ஆகாதவர்களை எடுத்துப் பார்த்தபோது, உள்ளங்காலை நீட்டி இழுக்கும் சாதாரணப் பயிற்சி அதிர்வலையையே தோற்கடித்தது.

மூன்றையும் சேர்த்து வாசித்தால் எனக்குக் கிடைப்பது இதுதான். புது வலிக்கு மெஷின் வேண்டாம். பழைய வலிக்கு மெஷின் உதவலாம், ஆனால் தனியாக இல்லை, பயிற்சியோடு. உடம்பை உசுப்பிவிட்டால் மட்டும் போதாது, உசுப்பிய பிறகு அது எதற்குப் பழகவேண்டும் என்று சுமை வைத்துக் காட்டவும் வேண்டும்.

இப்போது வீட்டு விஷயம். வலி அம்மாவுக்கு. ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை. காலை 9.30 முதல் இரவு 9 வரை நின்றே இருக்கவேண்டும். 2003இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, குதிகால் வலிக்கான காரணங்களில் வேலை நேரத்தில் அதிகம் நின்றுகொண்டே இருப்பதையும் சேர்த்தது. எங்கள் அம்மாவைக் கேட்டிருந்தால் ஆய்வுச் செலவு மிச்சம் :-)

எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். பாட்டி சொல்லி, செங்கல்லைச் சுடவைத்து மேலே எருக்கிலை போட்டுக் குதிகாலை வைத்தும் பார்த்தார். இதமாக இருந்தது, காலையில் மறுபடி ஆணி. இரண்டு மாதம் ஆனபோது ஒரு கிளினிக்கில் காட்ட, பத்து நிமிடத்தில் அந்த 7500 ரூபாய் சீட்டு கைக்கு வந்தது. அம்மாவின் சம்பளத்தில் பாதிக்கு மேல். எத்தனை நாளாக வலி என்று யாரும் கேட்கவில்லை. பயிற்சி என்ற வார்த்தையே வரவில்லை. "அஞ்சு தடவை வந்தா சரியாயிரும்னு சொல்றாங்களே, உன் கணக்கு என்ன சொல்லுது?" என்று அம்மா கேட்டார். "6 மாசம் ஆகட்டும்மா, அதுவரைக்கும் ஓசி வைத்தியத்தை ஒழுங்கா செஞ்சு பாப்போம்" என்றேன். வேறொரு டாக்டரும் அதையேதான் சொன்னார்.

செய்தது இரண்டே பயிற்சி. ஒன்று, காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே காலை மடித்துப் போட்டு, விரல்களைப் பின்பக்கம் இழுத்து 10 எண்ணுவது, 10 தடவை. பகலில் இன்னும் இரண்டு முறை. இன்னொன்று டென்மார்க்கில் 48 பேரிடம் சோதித்து 2014இல் வெளிவந்தது. துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, மாடிப்படி விளிம்பில் ஒற்றைக் காலில் மெதுவாக எம்பி, 2 விநாடி நின்று, மெதுவாக இறங்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த ஆய்வில் 3 மாதத்தில், வெறும் நீட்டல் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வருடத்தில் இரண்டு குழுவும் சமம். அதாவது இது சீக்கிரம் வரும் வழி.

மூன்று மாதம் ஆகிறது. காலை ஆணி பெரும்பாலும் போய்விட்டது. இரவு வலி போகவில்லை. ஏன் போகவில்லை என்று அம்மாதான் சொன்னார். "காலுக்கு மெஷின் இருக்கு. பதினோரு மணி நேரம் நிக்கிறதுக்கு என்ன மெஷின் இருக்கு?"

அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வசதி கட்டாயம் என்று ஆக்கினார்கள். கேரளா 2018லேயே செய்துவிட்டது. அம்மா வேலை செய்யும் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் சேலைப் பெட்டி இருந்தது. போன மாதம் அம்மாவும் கூட வேலை பார்க்கும் இரண்டு அக்காக்களும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். பெட்டி இறங்கியது. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் மாற்றி மாற்றி உட்காருகிறார்கள். சாயங்காலம் பழையபடி நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு, இரவு வலி அப்படியே இருந்தால் மெஷினுக்குப் போவதாக அம்மா முடிவு செய்திருக்கிறார். நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போஸ்ட் ஆபீஸில் அதற்காகத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறார். இப்போது போனால், எந்த நிலைமையில் உள்ளவர்களுக்கு அது உதவும் என்று தெரிந்ததோ அந்த வரிசையில் நின்று போகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சீட்டு வந்தால் பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். வலி வந்து 6 மாதம் ஆகிவிட்டதா? பயிற்சியை 3 மாதமாவது ஒழுங்காகச் செய்தாயிற்றா? இந்த இடத்துக்கு, இந்த ரக மெஷினுக்கு ஆதாரம் இருக்கிறதா? சிட்டிங்கோடு என்ன பயிற்சி தருவார்கள்? கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அந்த இடத்தில் கட்டி உள்ளவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் டாக்டர் இல்லை. வலி எதனால் என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம்.

ஐந்தாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதைக் கிளினிக்கில் கேட்க முடியாது. ஸ்டூல் மேல் என்ன இருக்கிறது என்று வேலை செய்யும் இடத்தில் போய்ப் பாருங்கள்.